ஜெயிக்கத் தெரிந்தவனுக்கு அங்கே இடமில்லை

"கிரிக்கெட்டை ஊன்றிப் பார்க்கிறவன் பந்தயத்தில் காசு பார்க்கலாம். விவரம் இல்லாதவன்தான் தோற்பான்." சாயர்புரம் பஜாரில் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் ஐபிஎல் மாதங்களில் இந்தப் பேச்சு காதில் விழும். பேசுகிறவர்கள் முட்டாள்கள் அல்ல. எந்த மைதானத்தில் பந்து எப்படித் திரும்பும், எந்தப் பந்துவீச்சாளர் கடைசி நான்கு ஓவரில் எத்தனை ரன் கொடுப்பார் என்று புள்ளிவிவரமாகச் சொல்லக்கூடிய பையன்கள். அவர்கள் அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நான் கேட்பது வேறொரு கேள்வி. உண்மையிலேயே விவரம் தெரிந்த ஒருவன் பந்தய நிறுவனத்தின் வாசலுக்குப் போனால், அந்த நிறுவனம் அவனை எப்படி நடத்துகிறது?

பணி ஓய்வுக்குப் பிறகு படிக்க நேரம் கிடைக்கிறது. வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால், பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் பழக்கமும் விடவில்லை. அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதை, பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. பந்தயம் நடத்துவதில் இரண்டு வகை உண்டு. சென்னை கிண்டி குதிரைப் பந்தயத்தோடு பழகிய பெரியவர்களுக்கு இது தெரியும். ஒன்று 'டோட்'. எல்லோரும் கட்டுகிற பணத்தையும் ஒரே உண்டியலில் போட்டு, அதில் கிளப்பின் கமிஷனையும் அரசாங்க வரியையும் எடுத்துவிட்டு, மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இதில் யார் ஜெயித்தாலும் கிளப்புக்குக் கவலை இல்லை, கமிஷன் வந்துவிடும். இன்னொன்று 'புக்கி'. இவர் தன் கைப்பணத்திலிருந்து கொடுப்பவர். நீங்கள் ஜெயித்தால் அவருக்கு நஷ்டம், நீங்கள் தோற்றால் அவருக்கு லாபம். இன்று செல்போனுக்குள் இருக்கும் கிரிக்கெட், கால்பந்துப் பந்தய நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. நீங்கள் யார் என்ற கேள்வி அவர்களுக்கு முக்கியமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அவர்கள் லாபம் வரும் வழியையும் பார்ப்போம். டாஸ் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தலையோ பூவோ, சரிபாதி வாய்ப்பு. நியாயமாக 100 ரூபாய் கட்டியவன் ஜெயித்தால் 200 திரும்ப வர வேண்டும். ஆனால் நிறுவனம் இரண்டு பக்கத்துக்கும் 1.90 என்று விகிதம் வைக்கும். பையன்கள் இதை 'ரேட்டு' என்பார்கள். தலைக்கு ஒருவன் 100, பூவுக்கு ஒருவன் 100 கட்டினால் நிறுவனத்துக்கு வந்தது 200, ஜெயித்தவனுக்குக் கொடுப்பது 190. மீதி 10 ரூபாய் அவர்களுக்கு. அதாவது போடுகிற ஒவ்வொரு 100 ரூபாய்க்கும், நீண்ட நாள் கணக்கில், 5 ரூபாய் கரைந்துகொண்டே இருக்கும். விளையாட்டைப் பற்றி ஓரளவு தெரிந்தவனும் சரி, ஒன்றும் தெரியாதவனும் சரி, இந்த 5 ரூபாய் சுவரைத் தாண்ட முடியாது. நிறுவனத்தின் கணக்கைவிடத் துல்லியமாகக் கணக்குப் போடத் தெரிந்த வெகு சிலர்தான் தாண்டுவார்கள். அவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்கிறோம். பந்தய வட்டாரத்தில் 'ஷார்ப்' என்று பெயர். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களுக்கு 'ஸ்கொயர்' என்று பெயர்.

இந்த இரண்டு பேரையும் நிறுவனம் எப்படிப் பிரிக்கிறது? ஜெயித்த பணத்தைப் பார்த்துத்தான் என்று நினைப்போம். அது தாமதமான வழி. ஒரு வாரம் அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவனை அவர்கள் விரட்டமாட்டார்கள், திரும்பக் கட்டுவான் என்று தெரியும். அவர்கள் பார்ப்பது ஆடும் விதத்தை.

முதல் அடையாளம், விகிதத்தின் நகர்வு. காலையில் சென்னை அணிக்கு 2.10 என்று விகிதம் வைத்திருப்பார்கள். நாள் முழுக்கப் பணமும் செய்தியும் வந்து, ஆட்டம் தொடங்கும்போது அது 1.90 ஆகியிருக்கும். கடைசி நேர விகிதத்தில் எல்லோருடைய அறிவும் சேர்ந்திருக்கும், அதனால் அதுதான் உண்மை நிலவரத்துக்கு மிக அருகில் இருக்கும். ஒருவன் திரும்பத் திரும்ப 2.10-ல் வாங்கி, அது 1.90-க்கு இறங்குகிறது என்றால், அவன் சந்தைக்கு முன்னால் நடக்கிறான். அன்றைக்குச் சென்னை தோற்று அவன் பணம் போனாலும் கவலையில்லை, ஆள் யார் என்று நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது. அவன் லாபம் பார்ப்பதற்கு முன்பே அவன்மேல் குறி விழுந்துவிடும்.

இரண்டாவது, எதில் கட்டுகிறான் என்பது. பொழுதுபோக்குக்காரன் எல்லோரும் பார்க்கிற ஆட்டத்தில், தனக்குப் பிடித்த அணிமேல், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கட்டுவான். தொழில்முறை ஆள் யாருக்கும் தெரியாத ஒரு இரண்டாம்தரப் போட்டியில், விகிதம் வெளியான சில நிமிடங்களில் கட்டுவான். அங்கேதான் நிறுவனம் கணக்கில் தவறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, தொகை. நம்மைப் போன்றவன் 500, 1000 என்று முழுத்தொகையாகக் கட்டுவான். கணக்குப் போட்டு ஆடுகிறவன் கட்டுவது 437 ரூபாயாக இருக்கும். தன் கையிருப்பில் இத்தனை பங்கு என்று சூத்திரம் வைத்திருப்பான். இந்த அடையாளம் வெளியே தெரிந்துபோனதால், தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே முழுத்தொகையாகக் கட்டி வேஷம் போடுவதும் உண்டு.

நான்காவது, சேர்த்துக் கட்டுவது. ஐந்து ஆட்டங்களின் முடிவையும் ஒரே சீட்டில் கட்டி, ஐந்தும் பலித்தால் பெரிய தொகை என்பார்கள். மேலே சொன்ன 1.90 கணக்கில் ஐந்தையும் பெருக்கினால் 100 ரூபாய்க்கு 2,476 ரூபாய் வரும். நியாயமாக வரவேண்டியது 3,200. ஒற்றைச் சீட்டில் 5 சதவீதமாக இருந்த நிறுவனத்தின் பங்கு இங்கே 22 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. தேர்ந்தவன் இதைப் பொதுவாகத் தொடமாட்டான். ஆகவே இதை விரும்பி ஆடுகிறவன் நிறுவனத்துக்குச் செல்லப்பிள்ளை.

ஐந்தாவது, தோற்ற பிறகு என்ன செய்கிறான் என்பது. தோற்ற கோபத்தில் நள்ளிரவில் மறுபடியும் பணம் போட்டு இரண்டு மடங்காகக் கட்டுகிறவன் ஒரு ரகம். தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரே நிதானத்தில் போகிறவன் இன்னொரு ரகம். ஜெயித்த பணத்தை எடுத்துக்கொண்டு போகிறவனா, அங்கேயே விட்டு வைத்துப் பக்கத்திலிருக்கும் சுழல்சக்கர ஆட்டத்துக்குத் தாவுகிறவனா என்பதும் குறிப்பேட்டில் ஏறும்.

இப்படிப் பிரித்த பிறகு நடப்பதுதான் விஷயம். தேர்ந்தவன் என்று தெரிந்தவனுக்குக் கட்டும் தொகையின் உச்சவரம்பைக் குறைப்பார்கள். நேற்று வரை பத்தாயிரம் கட்டலாம் என்று இருந்த இடத்தில் இன்று நூறு ரூபாய்க்கு மேல் ஏற்காது. சில இடங்களில் கணக்கையே மூடுவார்கள். தோற்கிற ஆளுக்கு இலவசப் பந்தயம், 'விஐபி' பட்டம், கவனித்துக்கொள்ளத் தனியாக ஒரு மேலாளர்.

இது வெறும் வதந்தி அல்ல. 2017-ல் லிசாண்ட்ரோ கௌனிட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய இரண்டு சகாக்களும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கால்பந்து பற்றிய தனி அறிவு எதுவும் இல்லாமல், பல நிறுவனங்களின் விகிதங்களைச் சராசரி பார்த்து, அந்தச் சராசரியிலிருந்து எங்கே ஒரு நிறுவனம் மட்டும் விலகியிருக்கிறதோ அங்கே கட்டுவது அவர்கள் வழி. நிஜப் பணத்தில் ஐந்து மாதம் ஆடி, 265 பந்தயங்களில் 8.5 சதவீத லாபம் பார்த்தார்கள். அதற்குள் நிறுவனங்கள் அவர்கள் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டன. இந்த விளையாட்டே ஒருதலைப்பட்சமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்ற பொருளில்தான் கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தார்கள்.

எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஜெயிக்கிறவர்களையும் வரவேற்கிறோம் என்று விளம்பரம் செய்த 'பின்னக்கிள்' போன்றவை உண்டு. தேர்ந்தவர்கள் கட்டுவதைப் பார்த்துத் தங்கள் விகிதத்தைத் திருத்திக்கொண்டு, குறைந்த லாபத்தில் நிறையப் பேரிடம் வியாபாரம் செய்வது அவர்கள் முறை. அந்த வகை குறைவு.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், எனக்குத் தம்பி முறை ஆகும் ஒருவரின் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தூத்துக்குடியில் நல்ல வேலையில் இருக்கிறவன். பேச்சு கிரிக்கெட்டுக்கு வந்தது.

"பெரியப்பா, நமக்கு விஐபி கொடுத்திருக்காங்க தெரியுமா? தனியா ஒரு மேனேஜர். பிறந்தநாளுக்கு போன் போட்டு வாழ்த்துச் சொல்றார்."

"எதுக்குல ஒனக்கு விஐபி?"

"நல்லா ஆடுறேன்லா, அதான்."

"எவ்வளவு வரைக்கும் கட்ட விடுறான்?"

"எவ்வளவு வேணாலும் கட்டலாம் பெரியப்பா. போன மாசம்தான் லிமிட்டைக் கூட்டிக் கொடுத்தாங்க."

அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேலே எழுதியதை எல்லாம் அவனிடம் சொன்னேன். நல்லா ஆடுகிறவனுக்கு லிமிட்டைக் குறைப்பார்கள், உனக்குக் கூட்டியிருக்கிறார்கள், அப்படியானால் அவர்கள் உன்னை என்னவென்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இலை போடுகிற இடத்துக்கு எழுந்து போனான். அதன்பின் என்ன செய்தான் என்பது அவன் குடும்ப விஷயம், இங்கே வேண்டாம்.

வங்கியிலும் வாடிக்கையாளர்களைத் தரம் பிரிப்போம். கடன் கேட்டு வருகிறவரின் வருமானம், பழைய பாக்கி எல்லாவற்றையும் பார்த்து, திருப்பிக் கட்ட முடியாமல் முழுகிவிடுவார் என்று தெரிந்தால் கொடுக்கமாட்டோம். பந்தய நிறுவனமும் அதே போலப் பிரிக்கிறது, பலன்தான் தலைகீழ். முழுகப் போகிறவனுக்கு வரம்பைக் கூட்டுகிறது. நீந்தத் தெரிந்தவனைக் கரையேற்றி அனுப்பிவிடுகிறது.

அதிர்ஷ்டமும் அறிவும் கலந்த வியாபாரம் நம் கடற்கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடி முத்துக்குளிப்பே அப்படிப்பட்டதுதான். கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டு முத்துக்குளிப்பைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1890-ல் வெளியான தன் நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். எடுத்து வந்த சிப்பியில் அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் ஆயிரமாக, திறக்காமலே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பெரிய வியாபாரிகள் கணக்குப் போட்டு ஏலம் எடுப்பார்கள். குளித்தவர்கள் தங்கள் பங்கைக் கரையிலேயே சில்லறையாக விற்பார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கையிலிருக்கும் காசுக்கு நாலு சிப்பி வாங்கி, ஆசையோடு பிளந்து பார்க்கும். தொழில்முறை ஆளும் பொழுதுபோக்கு ஆளும் ஒரே மணலில் நின்றார்கள்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முத்துக்குளிப்புக்கு முன்பே பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துப் பிரித்து, ஆயிரத்துக்கு என்ன மதிப்பு வரும் என்று மதிப்பீடு செய்து அறிவிப்பார்கள். அந்தத் தகவல் எல்லோருக்கும் பொது. அதைவிட முக்கியம், முத்து மதிப்பிடத் தெரிந்த வியாபாரியைப் பார்த்து, "உமக்கு விவரம் அதிகம், நீர் ஏலம் கேட்கக்கூடாது" என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தவன் வந்தால்தான் ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும். அங்கே அறிவுக்கு மரியாதை இருந்தது. செல்போன் பந்தயத்தில் அறிவுக்குக் கிடைப்பது வெளியேற்றம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். என் முக்கியமான கருத்தும் இங்கேதான். நம் நாட்டில் பல பத்தாண்டுகளாக நீதிமன்றங்கள் கேட்டு வந்த கேள்வி ஒன்று: இது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? 1996-ல் டாக்டர் கே.ஆர். லக்ஷ்மணன் வழக்கில், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்தது, ஆகவே சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2017-ல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 'டிரீம் லெவன்' ஆட்டத்தைத் திறமை என்றது. 2021-ல் தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி வந்த 2022 சட்டத்தைப் பற்றி 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தபோதும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றை அதிர்ஷ்டப் பட்டியலில் வைக்கக்கூடாது என்றார்கள்.

ஆட்டத்தில் திறமைக்கு இடம் இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்த்தது. அது சட்டப்படி சரியான கேள்வியாக இருக்கலாம். பந்தயக் கடையைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் எண்ணம்: திறமை உள்ளவனை இந்தக் கடை தொடர்ந்து ஆட விடுகிறதா? விடவில்லை என்றால், ஆட்டம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், உள்ளே மிஞ்சி இருப்பவர்கள் தோற்பார்கள் என்று கடைக்காரரே கணக்குப் பார்த்துப் பொறுக்கி வைத்தவர்கள்தான். திறமை என்ற வார்த்தையை விளம்பரத்தில் போட்டுவிட்டு, திறமைசாலியை வாசலில் நிறுத்தி அனுப்புவது என்ன நியாயம்?

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். "கடை என்னுடையது, யாரிடம் வியாபாரம் செய்வது என்பது என் இஷ்டம்." பாதி நியாயம் இதில் உண்டு, நஷ்டப்பட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட தொகை வரை யார் கட்டினாலும், ஜெயிக்கிறவனே ஆனாலும், நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும். விதி வந்த பிறகும் அங்கே பந்தயம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு பதிலும் வரும். "ரம்மியிலும் டிரீம் லெவன் மாதிரி ஆட்டங்களிலும் நாங்கள் கமிஷன்தான் எடுக்கிறோம், ஜெயிக்கிறவனை விரட்ட வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை." உண்மைதான், அது டோட் வகை. ஆனால் அங்கே தேர்ந்தவனுடைய லாபம் நேராகத் தெரியாதவனுடைய பையிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-ல் இதற்கு விதி செய்தது. அதிக அனுபவம் உள்ள ஆட்டக்காரர்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் போட வேண்டும், புதியவர்களுக்கான ஆட்டத்தில் அவர்களைச் சேர்க்கக்கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவன் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது தெரியாதவனுக்கு இருந்தது. நம் பையன்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமலே தடை செய்தது. பெரிய இந்திய நிறுவனங்கள் பணம் கட்டி ஆடுவதை நிறுத்திவிட்டன. நான் இதை வரவேற்கிறேன். ஆனால் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நடக்கிற தளங்களுக்கு வாட்ஸ்அப்பில் 'ஐடி' கொடுக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் 'மகாதேவ் புக்' உட்பட 22 செயலிகளையும் தளங்களையும் அரசு முடக்கியது. ஒன்றை மூடினால் வேறு பெயரில் ஒன்று முளைக்கிறது.

அந்த 'ஐடி' உலகத்தில் மேலே சொன்ன பிரிப்பு இன்னும் எளிது. வரம்பைக் குறைக்கும் சிரமம்கூட அவர்களுக்கு வேண்டியதில்லை. ஜெயித்தவனின் ஐடியை முடக்கிவிட்டுப் போனை எடுக்காமல் இருந்தால் போதும். போய் யாரிடம் சொல்வது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. தோற்ற பணம் முன்கூட்டியே போய்விடுகிறது. ஜெயித்த பணம் அவர்கள் மனசு வைத்தால்தான் வரும்.

வீட்டில் பிள்ளை பந்தயம் கட்டுகிறான் என்று தெரிந்தால் கத்திப் பிரயோஜனமில்லை. "எனக்குக் கிரிக்கெட் தெரியும்" என்பான். தெரியும் என்று ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். ஆரம்பத்திலிருந்து மொத்தம் எவ்வளவு போட்டாய், மொத்தம் எவ்வளவு எடுத்தாய்? வங்கிக் கணக்கைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். உன் வரம்பைக் கூட்டினார்களா, குறைத்தார்களா? உனக்குப் போன் போட்டு யாராவது நலம் விசாரிக்கிறார்களா? பதில்களை அவன் வாயாலேயே சொல்லட்டும். அந்த நிறுவனம் அவனைப் பற்றி என்ன முடிவு செய்திருக்கிறது என்பது அவனுக்கே விளங்கும். கிரிக்கெட் தெரிந்த பையனுக்கு இந்தக் கணக்குப் புரியாமல் போகாது.